பிரிவினை வழக்குகளும் நீதியின் முறையும்: கொழும்பு முதல் வேலூர் வரை

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். நம் முன்னோர் பட்ட பாடுகளையும், கூரைக் கொட்டகையில் நடந்த இரவுப் பள்ளிகளையும் எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றை நம்மினும் நன்கு எழுத வல்லோர் இம்மலரிலேயே உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தனிநாடு வேண்டும் என்று கேட்ட அரசியல் தலைவர்கள்மீது அரசுகள் தொடுத்த வழக்குகளில் நீதியின் முறை காக்கப்பட்டதா என்பதே அது. ஆரணிப் பட்டுக்குத் தறியோட்டியும், பிறர் நிலத்தில் நாற்று நட்டும் பிழைக்கின்ற தேசூர் வட்டாரத்து மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அதற்கு விடை சொல்ல ஒரு நூற்றாண்டுக்குமேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1855-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு செயல்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அதன் உறுப்பினர். வரி வசூலிப்பதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் கும்பினியாரின் சிப்பந்திகள் ஏழை மக்களைச் சித்திரவதை செய்கிறார்களா என்று ஆராய்வதே அக்குழுவின் பணி. ஆம், செய்கிறார்கள் என்று குழு அறிக்கை அளித்தது. கைவிரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி என்னும் கருவி அவ்வறிக்கையின் வாயிலாக உலகப் புகழ் பெற்றது. இன்றும் நம்மிடையே 'கிட்டி கட்டிக் கேட்டாற்போல' என்று சொல்லும் முதியோர் உண்டு.

இத்தகைய கொடுமைகள் அம்பலமான பின்னரே, காவல்துறையினரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளலாகாது என்னும் விதி பிறந்தது. 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதலில் இடம்பெற்று, 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக நிலைபெற்றது. அச்சட்டத்தை வரைந்த ஸ்டீபன் துரை பின்னாளில் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். காவலர்கள் ஏன் வதைக்கிறார்கள் என்று கேட்டதற்கு அனுபவமிக்க ஓர் அதிகாரி, வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைக் காட்டிலும் நிழலில் அமர்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்ப் பொடி தடவுவது எளிதல்லவா என்னும் பொருள்பட விடையிறுத்தாராம். அந்த ஏழை எந்தச் சேரியில் பிறந்தவனாயிருப்பான் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. மிராசுதாரை எவரும் நிழலில் அமர்த்தி மிளகாய்ப் பொடி தடவுவதில்லை. ஆகவே 25-ஆம் பிரிவு என்பது, பெயர் குறிப்பிடாமல் நம்மவர்க்காகக் கட்டப்பட்ட மதில். அம்மதிலை இடித்தவர்கள் நம்மை நோக்கி வந்து இடிக்கவில்லை. பிரிவினை கேட்டவர்களைப் பிடிக்கப் போவதாகச் சொல்லித்தான் இடித்தனர். பிரிவினை வழக்குகளை நாம் கூர்ந்து நோக்குவதற்குக் காரணம் இதுவே.

இலங்கையிலும் 1895-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இதே விதி, இதே 25 என்னும் எண்ணுடன் இடம்பெற்றது. எனவே அத்தீவிலிருந்து தொடங்குவோம்.

ஈழம் என்னும் தனிநாட்டுக் கோரிக்கையை முதன்முதலில் உரத்து எழுப்பியவர்களுள் ஒருவர் செ. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராகவும், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அமைச்சராகவும், வவுனியாத் தொகுதியின் உறுப்பினராகவும் விளங்கியவர். 1950-களின் இறுதியிலேயே ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி என்னும் அமைப்பைக் கண்டவர். இவர்மீது தொடரப்பட்டு நாடறிந்த வழக்கு ஒன்று உண்டு. அது பிரிவினை வழக்கன்று. 1968-இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள், அங்கே 'சிறுபான்மைத் தமிழர்' என்று அழைக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைய முயன்றனர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் எழுச்சி பெற்றிருந்த காலம் அது. கோயில் வாயிலில் நின்று அவர்களைத் தடுத்தோருக்குத் தலைமை தாங்கியவர் இந்தச் சுந்தரலிங்கமே. 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

தமிழனுக்குத் தனி நாடு கேட்டவர், தமிழனுக்குள்ளேயே ஒரு பகுதியினரைச் சாமியின் முன்னே நிற்க விடவில்லை. அவரை நினைத்து நாம் பெருமைப்படுவதற்கு ஏதுமில்லை. எனினும் அவ்வழக்கு நடந்த முறையை நோக்க வேண்டும். சாதாரண நீதிமன்றம், வெளிப்படையான விசாரணை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை, மேன்முறையீட்டுக்குமேல் மேன்முறையீடு. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரையில் அவ்வழக்குச் சென்றது. நம்மை வாயிலில் தடுத்தவருக்கும் இத்தனை படிகள் திறந்திருந்தன. அவை திறந்திருந்தது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். அந்தப் படிகள் அடுத்து வந்த ஆண்டுகளில் பிறருக்கு எவ்வாறு ஒவ்வொன்றாக அடைபட்டன என்பதையே பார்க்கப் போகிறோம்.

1971 மார்ச்சில் இலங்கையில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. காரணம் தமிழர் அல்லர். ஜனதா விமுக்திப் பெரமுன என்னும் சிங்கள இளைஞர் இயக்கம் கிளர்ச்சிக்கு ஆயத்தமாயிருந்தது. ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்து அடக்கப்பட்டது. அவ்விளைஞர்களுள் பெருந்தொகையினர் சிங்களச் சமூகத்தில் தாழ்வாக எண்ணப்பட்ட பத்கம, வகும்புர என்னும் சாதிகளைச் சேர்ந்த கிராமத்து ஏழைகள் என்று ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இவர்களை விசாரிப்பதற்கு 1972-இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் என ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. காவலர்முன் அளித்த வாக்குமூலம் செல்லும், வழக்கமான சாட்சிய விதிகள் கட்டுப்படுத்தா, மேன்முறையீடு இல்லை. இயக்கத் தலைவர் ரோகண விஜேவீரவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆக, அத்தீவில் மதிலின் முதற்கல் பெயர்க்கப்பட்டது சிங்கள ஏழைப் பிள்ளைகளின் தலைமேல். அன்று தமிழ்த் தலைவர்களுள் எத்தனை பேர் அதைத் தம் கவலையாகக் கொண்டனர் என்று கேட்டுப் பார்ப்பது தகும்.

அந்த அவசரகால நிலை நீங்காமலே ஆண்டுகள் சென்றன. 1976 மே 14 அன்று, வட்டுக்கோட்டைத் தொகுதியில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாடு, சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் தனித் தமிழீழமே இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. எட்டு நாள் கழித்து, மே 22 அன்று, இலங்கையின் குடியரசு நாள். அதனைத் தமிழர் கொண்டாடலாகாது என்று துண்டறிக்கை வழங்கியதற்காக அ. அமிர்தலிங்கம், சாவகச்சேரி உறுப்பினர் வ. ந. நவரத்தினம், ஊர்காவற்றுறை உறுப்பினர் கா. பொ. இரத்தினம், பருத்தித்துறை உறுப்பினர் க. துரைரத்தினம் ஆகியோர் கைது செய்யப்பட்டனர். உடன் பிடிக்கப்பட்ட மு. சிவசிதம்பரம் விடுவிக்கப்பட்டார். மற்ற நால்வர்மீதும் அவசரகால விதிகளின்கீழ் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. குண்டு எறிந்ததாகவோ, ஆயுதம் வைத்திருந்ததாகவோ குற்றச்சாட்டு இல்லை. கையில் இருந்தது காகிதம்.

வழக்கமாக இத்தகைய கடுங்குற்றத்தை ஜூரிமார் முன்னிலையில் விசாரிப்பர். இங்கோ ஜூரி விலக்கப்பட்டு, மூன்று நீதிபதிகள் ஒருங்கே அமரும் 'டிரையல் அட் பார்' என்னும் தனி விசாரணை ஏற்பாடாயிற்று. கொழும்பில் அவ்வழக்கு நடந்தபோது கூண்டில் நின்றவர்களுக்காக ஏறத்தாழ எழுபது வழக்கறிஞர்கள் அணிவகுத்தனர். செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம், மு. திருச்செல்வம் ஆகிய மூத்த குயின்ஸ் கவுன்சில்கள் அவர்களுள் இருந்தனர். பொன்னம்பலமும் செல்வநாயகமும் 1949 முதல் அரசியலில் எதிரெதிராய் நின்றவர்கள். மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களின் காலத்தில் எழுந்த பிளவு அது. நம் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து கூலிகளாய்க் கப்பலேறிய மக்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றிய வழக்கு அது என்பதை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். கால் நூற்றாண்டுப் பகையை மறந்து இருவரும் ஒரே மேசையருகே அமர்ந்தது அந்நாளில் பெருஞ்செய்தியாயிற்று. செல்வநாயகம் அப்போது உடல் நடுக்க நோயால் நலிந்து, பேச்சும் தெளிவாக வெளிப்படாத நிலையில் இருந்தார்.

அவர்கள் வாதாடிய முறை நுட்பமானது. துண்டறிக்கை வழங்கவில்லை என்று அவர்கள் மறுக்க முற்படவில்லை. 1972-ஆம் ஆண்டின் அரசியலமைப்பே தமிழரின் இசைவின்றி, முந்திய அரசியலமைப்பின் வரம்புகளை மீறி இயற்றப்பட்டது. ஆதலின் அதற்கு எதிராகப் பேசுவது துரோகமாகாது என்றனர். அவ்வரசியலமைப்பின்கீழ் அவசரகால விதிகள் முறைப்படி உயிர்பெற்றனவா என்றும் வினவினர். இந்த இரண்டாம் வினாவில்தான் அரசு தடுமாறியது. குற்றம் நிகழ்ந்ததா என்னும் கேள்விக்கு வருமுன்னரே, விசாரிக்க அதிகாரம் உண்டா என்னும் கேள்வியில் வழக்கு நெடிது நின்றது. முடிவில் நால்வரும் விடுதலையாயினர். 1977 ஜூலைத் தேர்தலில் கூட்டணி 18 இடங்களைப் பெற, கூண்டில் நின்ற அமிர்தலிங்கம் நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த வெற்றியைக் காண மூத்த வழக்கறிஞர் மூவரும் இல்லை. திருச்செல்வம் 1976 நவம்பரிலும், பொன்னம்பலம் 1977 பிப்ரவரியிலும், செல்வநாயகம் அதே ஆண்டு ஏப்ரலிலும் மறைந்தனர்.

இவ்வழக்கினை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அரசு எவ்வளவு வெறுப்புடன் வழக்குத் தொடுத்தாலும், சட்ட வினாவை எழுப்ப வாய்ப்பும், எழுப்ப வல்ல வழக்கறிஞரும், அதைக் கேட்கத் துணிந்த நீதிபதிகளும் இருந்தால் கூண்டில் நிற்பவன் தப்புகிறான். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் நிலைமை வேறு. எழுபது வழக்கறிஞர் பெயர்பெற்ற தலைவர்களுக்குக் கிடைப்பர். பெயரில்லாத இளைஞனுக்கு யார் கிடைப்பர்?

அதற்கு விடை விரைவிலேயே கிடைத்தது. 1977-இல் ஆட்சிக்கு வந்த ஜெயவர்த்தனா அரசு, குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் அநீதியானது என்று சொல்லி அதனை நீக்கிற்று, விஜேவீர விடுதலையானார். நல்ல செயல்தான். ஆனால் அதே அரசு 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உதவிக் காவல்துறைக் கண்காணிப்பாளரும் அவருக்கு மேற்பட்டோரும் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்புக் கைதியுடையது. அடைபட்ட அறைக்குள் நிகழ்ந்ததை, அறைக்குள் அடைபட்டவனே மெய்ப்பிக்க வேண்டும்! மும்மூன்று மாதங்களாக நீட்டித்துப் பதினெட்டு மாதம் வரை விசாரணையின்றிக் காவலில் வைக்க அச்சட்டம் அன்று இடமளித்தது. மூன்றாண்டுக்கென்று தற்காலிகமாக வந்த சட்டம் 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. பன்னாட்டு நீதியாளர் ஆணையத்துக்காக 1981-இல் அதனை ஆராய்ந்த வர்ஜீனியா லியரி என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர், நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் பயங்கரவாதச் சட்டத்தோடு அதனை ஒப்பிட்டார்.

இச்சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டவர்களுள் குட்டிமணி எனப்பட்ட செல்வராஜா யோகச்சந்திரனும், தங்கத்துரையும், ஜெகனும் பெயர்பெற்றவர்கள். 1981 ஏப்ரலில் கடற்கரையில் கைதாயினர். இவர்கள் துண்டறிக்கை கொடுத்தவர்கள் அல்லர், ஆயுதம் ஏந்தியவர்கள். காவலர் ஒருவரைக் கொன்ற வழக்கில் குட்டிமணிக்கும் ஜெகனுக்கும் 1982 ஆகஸ்டில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. வட்டுக்கோட்டைத் தொகுதி உறுப்பினர் இறந்தமையால் காலியான இடத்துக்குக் கூட்டணி குட்டிமணியை நியமித்தது. சிறையிலிருந்து சென்று பதவியேற்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1983 ஜூலை 25 அன்று கொழும்பு வெலிக்கடைச் சிறையில் அம்மூவர் உள்ளிட்ட 35 தமிழ்க் கைதிகளைச் சக கைதிகள் வெட்டியும் அடித்தும் கொன்றனர். இரு நாள் கழித்து இன்னும் 18 பேர். அரசின் காவலில், அரசின் பூட்டுக்குள் 53 உயிர்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. குற்றம் செய்தவனேயாயினும் அவன் உயிர் தீர்ப்பின் வழியே போக வேண்டுமேயன்றித் திறந்துவிடப்பட்ட கதவின் வழியே போகலாகாது.

அடுத்த மாதமே ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டுக் கொள்கையை அமைதியான வழியில் ஆதரிப்பதும் குற்றம். உறுப்பினர் அனைவரும் அதற்கெதிராக உறுதிமொழி எடுக்க வேண்டும். வாக்காளர் எக்கொள்கைக்காக அனுப்பினரோ அக்கொள்கையைக் கைவிட்டாலன்றி அவையில் அமர முடியாது என்ற நிலையில், கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். வாயைத் திறந்து கேட்டவர்கள் வெளியே போக, வாயைத் திறவாமல் துப்பாக்கி எடுத்தவர்கள் களத்தை நிறைத்தனர். அமிர்தலிங்கத்தைக் கொழும்பு நீதிமன்றம் கொல்லவில்லை. 1989 ஜூலை 13 அன்று அவர் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திய புலிகள் சுட்டுக் கொன்றனர். அவர்களிடம் டிரையல் அட் பாரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அரசின் அநீதியைப் பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

பயங்கரவாதத் தடைச் சட்டம் தமிழரோடு நிற்கவுமில்லை. 1980-களின் இறுதியில் மீண்டும் கிளர்ந்த சிங்கள இளைஞர்மீதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப்பின் முஸ்லிம்கள்மீதும் அது பாய்ந்தது. 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலை எழுதிய அஹ்னாஃப் ஜசீம் என்னும் இளம் ஆசிரியர் 2020-இல் கைதாகி, 2023-இல்தான் நீதிமன்றத்தால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். கவிதை எழுதும் ஆசிரியர்கள் நம் பள்ளிகளிலும் உளர்.

கடல் கடந்த ஒரு நாட்டின் செய்தியையும் இங்கே குறிப்பது பொருந்தும். ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் பாஸ்க் என்னும் தனிமொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். சர்வாதிகாரி பிராங்கோவின் காலத்தில், 1970-இல் பர்கோஸ் நகரின் இராணுவ நீதிமன்றம் பாஸ்க் இயக்கத்தார் 16 பேரை விசாரித்து, ஆறு பேருக்கு மரணதண்டனை அளித்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் அது சிறைத்தண்டனையாகக் குறைந்தது. மக்களாட்சி வந்த பின்னர் நிலைமை மாறியதா? அர்னால்டோ ஒத்தேகி என்னும் பாஸ்க் அரசியல் தலைவரின் வழக்கு அதற்குச் சான்று. தடைசெய்யப்பட்ட கட்சியை மீண்டும் கட்டியதாக அவர் 2011-இல் தண்டிக்கப்பட்டார். தீர்ப்பளித்தவர்களுள் ஒரு நீதிபதி, அதற்கு முந்திய வேறொரு வழக்கிலேயே, ஆயுத இயக்கத்தின் வன்முறையைக் கண்டிக்கிறீரா என்று அவரைக் கேட்டு, அவர் விடை கூற மறுத்தபோது, இது தாம் முன்பே அறிந்ததுதான் என்னும் கருத்தில் பேசியவர். அதே நீதிபதி மீண்டும் விசாரித்ததால் நடுநிலை பற்றிய ஐயத்துக்கு இடமுண்டு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. 2020-இல் ஸ்பெயினின் உச்சநீதிமன்றமே அத்தண்டனையை நீக்கிற்று. ஆனால் அவர் ஆறரை ஆண்டுச் சிறையையும் கழித்து 2016-லேயே வெளிவந்துவிட்டார். காலங்கடந்தாயினும், தன் நாட்டுக்கு மேற்பட்ட ஒரு நீதிமன்றத்தை அணுக அவருக்கு வழி இருந்தது. குட்டிமணிக்கு அப்படியொரு வழி இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தனித் திராவிட நாடு கேட்டு மேடைதோறும் முழங்கிய காலம் தமிழ்நாட்டிலும் இருந்தது. 1963-இல் 16-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, வேட்பாளர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாயிற்று. அண்ணாவும் கோரிக்கையைக் கைவிட்டார். நான்காண்டில் அக்கட்சி ஆட்சியையே பிடித்தது. சிறைக்கதவுக்குமுன் வாக்குப்பெட்டியைத் திறந்து வைத்ததன் பயன் அது எனலாம். ஆனால் எங்கும் அவ்வாறு நிகழவில்லை. பஞ்சாபில் காலிஸ்தான் கிளர்ச்சியைக் காரணங்காட்டி 1985-இல் வந்த தடாச் சட்டம், 1987-இல் கடுமையாக்கப்பட்டபோது, காவல்துறைக் கண்காணிப்பாளரிடம் அளிக்கும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கியது. நம் 25-ஆம் பிரிவில் விழுந்த முதற்பெரும் ஓட்டை அது. 1994-இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. உயர்நீதிமன்றத்துக்கு மேன்முறையீடும் இல்லை. நேரே தில்லிக்குச் செல்ல வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கே கடன் வாங்குவோர் தில்லியில் வழக்கறிஞர் தேடுவது எவ்வாறு?

காலிஸ்தானுக்கென்று செய்த சட்டம் பீகாரின் சேரிகளுக்குள் நுழைந்த கதையை நம் இளைஞர்கள் கட்டாயம் அறிய வேண்டும். 1992 பிப்ரவரியில் கயை மாவட்டத்துப் பாரா என்னும் ஊரில் நக்சலைட்டுகள் பூமிகார் சாதியினர் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். கொடுமையான படுகொலை, ஐயமில்லை. அவ்வழக்கைத் தடா நீதிமன்றம் விசாரித்தது. 2002 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் நால்வருக்கு மரணதண்டனையை உறுதி செய்தபோது, மூன்று நீதிபதிகளுள் ஒருவர் மாறுபட்டார். அந்நால்வருள் மூவரின் பெயரோடு மோச்சி, பாஸ்வான் என்னும் சொற்கள் ஒட்டியிருந்தன. வடநாட்டில் அவை எந்த மக்களின் பெயர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2017-இல் குடியரசுத் தலைவர் அத்தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். மறுபுறம், 1996-இல் பதானி தோலாவில் தாழ்த்தப்பட்டோரும் முஸ்லிம்களுமாக 21 பேரையும், 1997-இல் லட்சுமண்பூர் பாதேயில் 58 பேரையும் நில உடைமையாளரின் ரண்வீர் சேனை கொன்றது. அவ்வழக்குகளைச் சாதாரண நீதிமன்றங்கள் விசாரித்தன. கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களைப் பாட்னா உயர்நீதிமன்றம் 2012-லும் 2013-லும் போதிய சான்றில்லை என்று விடுவித்தது. நம்மவர் கொன்றதாகச் சொன்னால் தனிச் சட்டம். நம்மவர் கொல்லப்பட்டால் பொதுச் சட்டமும் அதன் எல்லாப் பாதுகாப்புகளும்! பொதுச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைத்ததில் நமக்குப் பொறாமை இல்லை. பாராவின் ஏழைகளுக்கு அது ஏன் மறுக்கப்பட்டது என்பதே வினா.

இராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் தடா வாக்குமூலங்களே முதுகெலும்பாயின. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரணதண்டனை விதித்தது. 1999 மேயில் உச்சநீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடாக் குற்றமே மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. ஆயினும் தடாவின்கீழ்ப் பெற்ற வாக்குமூலம் செல்லும் என்றது. எஞ்சியோருள் ஒருவரின் வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே, அவர் கூறியதை முழுமையாக எழுதவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2022-இல் அக்கைதிகள் விடுதலையாகும்வரை சென்ற ஆண்டுகளில் பெரும்பகுதி கழிந்தது, நம் ஆரணி வழியே சில மணி நேரத்தில் சென்றடையும் வேலூர்ச் சிறையில்தான்.

அதே வேலூர்ச் சிறைக்குத்தான் 2002 ஜூலையில் மறுமலர்ச்சி தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ கொண்டுசெல்லப்பட்டார். ஜூன் 29 அன்று மதுரைக்கருகே திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். சட்டம் பொடா. தடா 1995-இல் காலாவதியாகி, அதன் வாக்குமூல விதியை ஏறக்குறைய அப்படியே கொண்டு 2002 மார்ச்சில் நிறைவேறிய சட்டம் இது. அதற்கு ஆதரவாக வாக்களித்த கட்சிகளுள் வைகோவின் கட்சியும் ஒன்று. தாம் வாக்களித்த சட்டம் நான்கு மாதத்துக்குள் தம்மீதே பாய்ந்ததைப் போன்ற பாடம் வரலாற்றில் அரிது. இதனை ஏளனமாகச் சொல்லவில்லை. 2003 டிசம்பரில் உச்சநீதிமன்றம், பயங்கரவாதச் செயலுக்குத் துணைபுரியும் நோக்கமில்லாத வெறும் ஆதரவுப் பேச்சுப் பொடாவில் அடங்காது என்று விளக்கியதற்கு இவ்வழக்கே பெருங்காரணம். பத்தொன்பது மாதச் சிறைக்குப்பின் 2004 பிப்ரவரியில் அவர் பிணையில் வந்தார். அவ்வாண்டே பொடாவும் நீக்கப்பட்டது. பின்னர் 2009-இல் பேசிய வேறொரு பேச்சுக்காக 2019-இல் இராஜத்துரோகப் பிரிவில் ஓராண்டுத் தண்டனையும் அவருக்கு விதிக்கப்பட்டது. பேச்சுக்கும் தண்டனைக்கும் இடையே பத்தாண்டு.

அண்ணல் அம்பேத்கர் இத்தகைய நாளை முன்னுணர்ந்திருந்தார் என்றே கருதுகிறோம். அரசியல் நிர்ணய சபையில், உரிய சட்டமுறை என்னும் வலுவான தொடர் நீக்கப்பட்டு, சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்னும் மெலிந்த தொடர் வைக்கப்பட்டபோது பலரும் மனம் வருந்தினர். அக்குறையை ஈடு செய்யவென்று 1949 செப்டம்பரில் அவர் ஒரு புதிய விதியைக் கொணர்ந்தார். கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலக்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். அதுவே இன்றைய 22-ஆம் உறுப்பு. தடுப்புக் காவலையும் அதே உறுப்பு ஏற்றுக்கொண்டதைக் குறை கூறுவோர் உண்டு, அக்குறை பொருளற்றதன்று. எனினும் 24 மணி நேரம் என்னும் அவ்வரம்பைத் தனிச் சட்டங்களின் காலத்திலும் நீதிமன்றத்தில் ஊன்றிச் சொல்ல ஓர் எழுத்துக் கிடைத்தது. தன்மீதே சாட்சி சொல்ல எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் 20-ஆம் உறுப்பும் அதனருகே நிற்கிறது.

எழுத்து இருந்தும் 1993-இல் கடலூர்ப் பகுதியில் நிகழ்ந்ததை நாடு அறியும். திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் குலத்து ராசாகண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். தப்பியோடிவிட்டதாகக் காவலர் கூறினர். அவர் மனைவியின் உறுதியாலும், வழக்கறிஞர் சந்துருவின் வாதத்தாலும், உயர்நீதிமன்றத்தின் தலையீட்டாலும் உண்மை வெளிப்பட்டுக் காவலர் தண்டிக்கப்பட்டனர். 'ஜெய் பீம்' திரைப்படமாக அதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பர். ராசாகண்ணு எந்த நாட்டையும் பிரிக்கக் கேட்டவர் அல்லர். 1855-இன் கிட்டியும் 1993-இன் தடியும் ஒரே வேலைக்காக எடுக்கப்பட்டவை. 25-ஆம் பிரிவு இருக்கும்போதே இந்நிலை என்றால், அது இல்லாத சட்டத்தின்கீழ் என்னவாகும் என்பதைப் பாராவின் கைதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்கள் பெயரும் எண்ணும் மாறின. 25-ஆம் பிரிவு, பாரதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவாயிற்று; உள்ளடக்கம் நிலைத்துள்ளது. 124-அ என்னும் இராஜத்துரோகப் பிரிவு நீங்கி, நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு செய்வதைக் குற்றமாக்கும் 152-ஆம் பிரிவு புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. பிரிவினையைத் தூண்டுதலும் அதனுள் அடங்கும். அப்பிரிவின்கீழ் முதலில் யார் யார் கூண்டில் நிற்கப் போகிறார்கள் என்பதை நம் இளைஞர்கள் நாளேடுகளில் கவனித்து வர வேண்டும். சட்டம் பயிலும் மாணவர் நம் சங்கத்தில் உருவாகியிருப்பின், அவ்வழக்குகளின் தீர்ப்புகளைத் தேடிப் படித்துச் சங்கக் கூட்டத்தில் சொல்லட்டும்.

கைதானவருக்கு வழக்கறிஞர் வைக்கப் பொருளில்லை என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உள்ளது. ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச வழக்கறிஞர் பெற உரியவர் என்கிறது அது. காவலில் இருப்போருக்கும் அவ்வுரிமை உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதினாலே போதும். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தர நம் சங்கத்து மாணவர் இருக்கின்றனர்.